'அனுப்பு' பொத்தானுக்குப் பின்னால்

உங்கள் பள்ளி நூலகத்துக்கு ஒரு வலைப்பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் உங்கள் பெயரை நிரப்ப வேண்டும், மற்றொன்றில் வேண்டிய நூலின் பெயரை. கீழே 'அனுப்பு' என்று ஒரு பொத்தான். எட்டாம் வகுப்பு அன்பு தன் பெயரைத் தட்டி, நூலின் பெயரையும் எழுதிப் பொத்தானை அழுத்துகிறாள். கண் சிமிட்டும் நேரத்தில், 'நூல் இருக்கிறது, நாளை வந்து வாங்கிக்கொள்ளலாம்' என்று பதில் வந்துவிடுகிறது.

இடையில் என்ன நடந்தது? இப்படியொரு பக்கத்தை நீங்களே உருவாக்க வேண்டுமானால் எதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்? தம்பி தங்கைகளே, இந்த மாதம் இதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில், அன்புவின் கணினியிலிருந்து கிளம்பியது என்ன என்று பார்ப்போம். 'அன்பு' என்ற சொல் நம் கண்ணுக்குத் தெரியும் உருவத்தில் போவதில்லை. கணினிக்கு எண்கள்தாம் தெரியும். 'அ' என்ற எழுத்து 224, 174, 133 என்ற மூன்று எண்களாகிறது. நமக்கு 'அன்பு' மூன்றெழுத்துச் சொல். கணினிக்கோ அது ஐந்து: அ, ன, தலையில் வைக்கும் புள்ளி, ப, உகரக் குறி. ஐந்துக்கும் தலைக்கு மூன்று எண் வீதம் மொத்தம் 15 எண்கள். உலாவி, அதாவது பிரவுசர், ஒவ்வொரு எண்ணையும் பதினாறடிமான முறையில் இரண்டு குறிகளாக எழுதி, அதன் முன்னால் ஒரு % குறியையும் சேர்க்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றெழுத்து 'அன்பு' 45 குறிகள் நீளமுள்ள சரமாகப் பயணம் புறப்படுகிறது!

இதோடு வேறு சில ஏற்பாடுகளும் உண்டு. இடைவெளி வரும் இடத்தில் + குறி. பெட்டியின் பெயருக்கும் அதில் எழுதியதற்கும் நடுவில் = குறி. ஒரு பெட்டி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் & குறி. 'நூலின் பெயரிலேயே & குறி இருந்தால் என்ன ஆகும்?' என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அப்போது உலாவி அதை %26 என்று மாற்றி எழுதிவிடும். எல்லாப் பெட்டிகளும் இப்படிக் கோக்கப்பட்டு, ஒரே நீள வரியாகச் சர்வருக்குப் போய்ச் சேர்கின்றன.

சர்வர் என்பது எப்போதும் விழித்திருந்து, யாராவது கேட்டால் பதில் சொல்லும் கணினி. டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவுக்கு அருகில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989 இல் வலைக்கான திட்டத்தை முன்வைத்தபோது, ஆய்வாளர்கள் தங்கள் ஆவணங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதுதான் நோக்கமாக இருந்தது. அன்று சர்வருக்குப் பெரும்பாலும் ஒரே வேலை. கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும். இல்லையென்றால், இன்றும் நாம் பார்க்கும் 404 என்ற எண்ணைச் சொல்லிக் கைவிரித்துவிடும். ஆனால் அன்பு கேட்டது ஏற்கெனவே எழுதி வைத்த பக்கத்தை இல்லையே! அவள் பெயரைப் படித்து, நூலைத் தேடி, அவளுக்கென்று ஒரு பதிலை அந்த நிமிடத்தில் எழுத வேண்டும். அதற்கு ஒரு நிரல் ஓட வேண்டும்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் என்.சி.எஸ்.ஏ. என்ற மையம் இருக்கிறது. ராப் மெக்கூல் அங்கே உருவாக்கிய சர்வரோடு சேர்ந்து 1993 இல் ஒரு வழக்கம் பரவியது. அதன் பெயர் சி.ஜி.ஐ. அதன் விதிகள் மிக எளியவை. படிவம் வந்ததும் சர்வர் ஒரு நிரலை எழுப்பி, அந்த நீள வரியை அதன் கையில் கொடுக்கும். நிரல் தன் வேலையைச் செய்து எதை அச்சிடுகிறதோ அதுவே அன்புவின் திரைக்குப் போகும். நிரல் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று சர்வர் கேட்பதே இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம். நிரல் முதலில் அச்சிட வேண்டியது பக்கத்தை இல்லை. 'இனி வருவது ஒரு வலைப்பக்கம்' என்று வகையைச் சொல்லும் தலைப்பு வரி ஒன்றை முதலில் அச்சிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வெற்று வரி. அதன் பிறகுதான் பக்கம். நடுவில் இருக்கும் அந்த வெற்று வரியை விட்டுவிட்டால், தலைப்பு எங்கே முடிந்தது, பக்கம் எங்கே தொடங்கியது என்று சர்வருக்குத் தெரியாது. 500 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். வலை நிரலாக்கம் பழகத் தொடங்கியவர்கள் உலகம் முழுக்க இந்த ஒரு வெற்று வரிக்காக மணிக்கணக்கில் திண்டாடியிருக்கிறார்கள். எழுத்து எதுவும் இல்லாத வரிக்கும் வேலை உண்டு என்று கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில் இப்படிப்பட்ட நிரல்களை எழுதப் பலரும் தேர்ந்தெடுத்த மொழி பெர்ல். அதை உருவாக்கியவர் லாரி வால். மொழியியல் படித்தவர். பெர்லின் முதல் பதிப்பு 1987 டிசம்பர் 18 அன்று வெளியானது. எழுத்துகளால் ஆன தகவலை வெட்டுவது, தேடுவது, மாற்றுவது ஆகியவற்றில் அது கெட்டிக்கார மொழி. படிவத்திலிருந்து வருவதோ ஒரு நீளமான எழுத்து வரி. பிறகு கேட்க வேண்டுமா? மேலும், பெர்ல் ஒரு ஸ்கிரிப்ட் மொழி. சி போன்ற மொழிகளில் எழுதியதை முதலில் இயந்திர மொழிக்கு மாற்றி, ஒரு தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, அப்புறம்தான் ஓட்ட வேண்டும். ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய கோப்பை அப்படியே ஓட்டலாம். ஒரு வரியைத் திருத்தினால் அடுத்த நொடியே விளைவைப் பார்க்கலாம். பைத்தான், ரூபி, பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

இனி, அந்த நீள வரியை அவிழ்க்க வேண்டும். & குறி உள்ள இடங்களில் வெட்டு. ஒவ்வொரு துண்டையும் = குறியில் இரண்டாக்கு. + குறியை இடைவெளியாக்கு. % குறியோடு வருபவற்றை எழுத்தாக்கு. கேட்பதற்கு நான்கே படிகள். ஆனால் வரிசை முக்கியம். யாராவது அவசரத்தில் % குறிகளை முதலில் அவிழ்த்துவிட்டு, அப்புறம் & குறியில் வெட்டினால் என்ன ஆகும்? நூலின் பெயருக்குள் %26 என்று பத்திரமாக ஒளிந்திருந்த & வெளியே வந்துவிடும். நூலின் பெயர் பாதியில் அறுபடும். எப்போதாவது ஒருமுறை மட்டும் தலைகாட்டும் பிழை இது, அதனால் பிடிப்பதும் கடினம்.

சி.ஜி.ஐ. வந்த புதிதில் வலை நிரல் எழுதியவர்களில் பலர் இந்த நான்கு படிகளைத் தாங்களே எழுதினார்கள், அல்லது இன்னொருவர் நிரலிலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். ஒட்டியதில் பிழை இருந்தால் அதுவும் கூடவே பரவியது. நூறு இடங்களில் ஒட்டிய பிழையைத் திருத்த நூறு இடங்களுக்கும் போக வேண்டும். யார் போவார்கள்?

இந்த இடத்தில் ஓர் உயிரியலாளர் வருகிறார். பெயர் லிங்கன் ஸ்டைன். மனித உடலின் மரபணுத் தொகுப்பில் உள்ள சுமார் 300 கோடி எழுத்துகளையும் படித்துவிட வேண்டும் என்று பல நாடுகள் சேர்ந்து உழைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஸ்டைன் அந்தப் பணியில் இருந்தவர். வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் தங்கள் தகவலை வெவ்வேறு வடிவத்தில் வைத்திருந்ததால் ஒன்றை மற்றொன்றோடு இணைக்க முடியாமல் திணறியதையும், அதைத் தீர்க்க பெர்ல் எப்படி உதவியது என்பதையும் 1996 இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். படிவத்தைப் படிக்கும் வேலையை எல்லாரும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை என்று, அதற்கென்று பெர்லில் ஒரு மாட்யூலை எழுதிப் பொதுவில் வைத்தவரும் அவரே. அதன் பெயரும் சி.ஜி.ஐ.தான். அதன் பிறகு நிரலாளர் அவிழ்க்கும் வேலையைச் செய்ய வேண்டியதில்லை. 'பெயர் என்ற பெட்டியில் என்ன இருக்கிறது?' என்று மாட்யூலிடம் கேட்டால் போதும், 'அன்பு' என்று பதில் வந்துவிடும். 1997 இல் அந்த மாட்யூல் பெர்ல் மொழியோடு சேர்த்தே வழங்கப்பட்டது.

மாட்யூல் என்பது ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொண்டு, அதை எப்படிச் செய்கிறது என்பதை உள்ளே வைத்துக்கொள்ளும் நிரல் துண்டு. வெளியே இருப்பவர்களுக்கு அது காட்டுவதெல்லாம் 'என்னிடம் இதைக் கேட்கலாம், இந்தப் பதில் தருவேன்' என்ற வாக்குறுதி மட்டுமே. வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் மேட்டூர் நீரிலிருந்து வந்ததா, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து வந்ததா, கூடங்குளத்திலிருந்து வந்ததா என்று மிக்சிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மூன்று துளைகளும் எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் போதும்.

எதை ஒரு மாட்யூலுக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது? இதற்கு டேவிட் பார்னாஸ் என்ற கணினி அறிஞர் 1972 இலேயே ஒரு கட்டுரையில் வழி காட்டினார். முதலில் இது, அடுத்து அது என்று வேலை நடக்கும் வரிசைப்படி நிரலைத் துண்டு போடுவதுதான் அன்றைய வழக்கம். அவர் வேறு வழி சொன்னார். பின்னால் மாறக்கூடிய முடிவுகள் எவை என்று முதலில் பட்டியல் போடுங்கள். அப்படிப்பட்ட ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்து வையுங்கள். அந்த முடிவு மாறும்போது அந்த ஒரு மாட்யூல் மட்டும் மாறும். அரை நூற்றாண்டு கடந்தும் இதற்கு இணையான அறிவுரை இந்தத் துறையில் வந்ததில்லை என்பது என் கருத்து.

நம் பள்ளி நூலகப் பக்கத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். மாறக்கூடிய முடிவுகள் எவை? நூல் பட்டியல் இன்று ஒரு கோப்பில் இருக்கலாம், அடுத்த ஆண்டு தரவுத்தளத்துக்கு, அதாவது டேட்டாபேசுக்கு, போகலாம். ஒருவர் எத்தனை நூல் எடுக்கலாம் என்ற விதி மாறலாம். தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் கட்டணம் உண்டா இல்லையா என்பது மாறலாம். பக்கத்தின் நிறமும் அமைப்பும் நிச்சயம் மாறும். இந்த நான்கையும் ஒரே நீள நிரலில் கலந்து எழுதினால், நிறத்தை மாற்றப் போய்க் கட்டணக் கணக்கைக் கெடுத்துவிடுவோம்.

ஆகவே மூன்று பொருள்களை உருவாக்குகிறோம்: நூலகம், நூல், உறுப்பினர். பொருள் என்றால் தனக்கு வேண்டிய தகவலையும், அந்தத் தகவலை வைத்துச் செய்யும் வேலைகளையும் ஒன்றாக வைத்திருப்பது. நூல் என்ற பொருளுக்குத் தன் தலைப்பு தெரியும், தான் யாரிடம் இருக்கிறோம் என்பது தெரியும். இரவல் போகவும் திரும்பி வரவும் தெரியும். பெர்ல் மொழியில் அதனிடம் இப்படிப் பேசலாம்:

$நூல் = $நூலகம்->தேடு("திருக்குறள்");
$நூல்->இரவல்_கொடு($அன்பு);

இது உண்மையாகவே ஓடக்கூடிய பெர்ல். நிரலில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளும் இருக்கின்றன என்று தொடக்கத்திலேயே பெர்லுக்குச் சொல்லிவிட்டால், தமிழில் வைத்த பெயர்களை அது ஏற்றுக்கொள்ளும். பைத்தானில் அம்புக்குறிக்குப் பதில் ஒரு புள்ளி:

நூல்.இரவல்_கொடு(அன்பு)

இந்த வரியைப் படித்துப் பாருங்கள். நூல் கோப்பில் இருக்கிறதா, தரவுத்தளத்தில் இருக்கிறதா? தெரியவில்லை. கட்டணம் எவ்வளவு? அதுவும் தெரியவில்லை. இவை எதுவும் தெரியாமலே பக்கத்தை எழுதுபவர் வேலையை முடித்துவிடுகிறார். ஒரு நல்ல மாட்யூலுக்கு இதுவே அடையாளம்.

நூல் என்ற பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒருமுறை எழுதி வைக்கும் வரைபடத்துக்கு இனக்குழு என்று பெயர். பாடநூல்களிலும் இந்தச் சொல்லைப் பார்ப்பீர்கள். வரைபடம் ஒன்று, அதிலிருந்து பிறக்கும் நூல்கள் ஆயிரம். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு வேறு, எடுத்துச் சென்றவர் வேறு. ஆனால் செய்யத் தெரிந்த வேலைகள் ஒன்றே. இந்த எண்ணம் பிறந்த இடம் நார்வே. ஓஸ்லோ நகரில் ஓலெ-யோஹன் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்ற இருவர், நிஜ உலகில் நடப்பதைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்காக 1960களில் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். அதன் 1967 பதிப்பில்தான் இனக்குழுவும் பொருளும் முதன்முதலில் வந்தன. இருவருக்கும் 2001 ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

பெர்ல் பிறந்தபோது அதில் பொருள்கள் கிடையாது. 1994 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் மாட்யூல்களும் பொருள்களும் சேர்ந்தன. அதைச் செய்த விதம் எளிமையானது. தகவல்களை வைத்திருக்கும் ஒரு சாதாரணப் பட்டியலின் மேல் 'நீ இந்த மாட்யூலைச் சேர்ந்தது' என்று அடையாளம் ஒட்டுவார்கள். அந்தக் கட்டளையின் பெயர் 'பிளெஸ்'. ஒட்டியதும் அந்தப் பட்டியல் பொருளாகிவிடும். பைத்தானிலோ 1991 இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே இனக்குழுக்கள் இருந்தன. இரண்டு மொழிகளுமே பொருளின் உள்ளே பூட்டுப் போடுவதில்லை. ஒரு பெயருக்கு முன்னால் அடிக்கோடு இருந்தால் 'இது என் உள்வேலை, வெளியிலிருந்து தொடாதீர்கள்' என்று அர்த்தம். தொட்டால் மொழி தடுக்காது. ஆனால் தொடாமல் இருப்பதுதான் மரியாதை. தொட்டவருடைய நிரல் பின்னால் ஒரு நாள் உடையும்.

மரபுரிமம் என்று ஒன்றையும் பாடத்தில் படிப்பீர்கள். ஒரு வரைபடத்திலிருந்து இன்னொன்றைக் கிளையாக எடுப்பது. அகராதியை நூலகத்திலேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், வீட்டுக்குத் தர மாட்டார்கள். ஆகவே 'அகராதி' என்ற இனக்குழுவை 'நூல்' என்பதிலிருந்து எடுத்து, இரவல் கொடுக்கும் வேலையை மட்டும் 'முடியாது' என்று சொல்லும்படி மாற்றலாம். இப்படிச் செய்வது சரிதான். ஏனென்றால் சாதாரண நூலும் வேறொருவரிடம் இருக்கும்போது 'முடியாது' என்றுதான் சொல்லும். கேட்பவர் அதற்கு ஏற்கெனவே தயாராக இருப்பார். ஆனால் புதிதாகக் கற்பவர்கள் மரபுரிமத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கிளை கிளையாகப் பிரிக்கத் தொடங்குவார்கள். கதை நூல், அதிலிருந்து சிறுவர் கதை நூல், அதிலிருந்து படம் போட்ட சிறுவர் கதை நூல்... அதெல்லாம் வேண்டாம். நடத்தை மாறினால்தான் புதிய இனக்குழு. வெறும் தகவல் மாறினால் அதை ஒரு பெட்டியில் எழுதி வைத்தால் போதும்.

ஸ்டைனின் மாட்யூலுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. பல ஆண்டுகள் எண்ணற்ற வலைத்தளங்கள் அதை நம்பி ஓடின. ஆனால் அது ஒரு வேலையோடு நிற்கவில்லை. படிவத்தைப் படிப்பதோடு, பக்கத்தை எழுதும் வேலையையும் தன்னிடமே வைத்திருந்தது. தலைப்பு, பத்தி, அட்டவணை என்று ஒவ்வொன்றையும் அச்சிட அதில் தனித்தனி வசதிகள் இருந்தன. படிப்பதும் எழுதுவதும் வெவ்வேறு காரணங்களுக்காக மாறுபவை. பார்னாஸ் சொன்ன வழிப்படி அவை வெவ்வேறு மாட்யூல்களில் இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் அதைவிடப் பெரியது. ஒரு பெட்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்த மாட்யூல் சில நேரம் ஒரே ஒரு பதிலைத் தரும். கேட்கும் இடத்தைப் பொறுத்து, சில நேரம் அந்தப் பெயரில் வந்த எல்லாப் பதில்களையும் வரிசையாகத் தரும். மென்பொருள் பிழைகளைப் பதிவு செய்து வைக்க உலகெங்கும் பயன்படும் பக்சில்லா என்ற நிரல் பெர்லில் எழுதப்பட்டது. அதில் புதுக் கணக்கு தொடங்கும் படிவத்தில் உண்மைப் பெயரை எழுத ஒரு பெட்டி உண்டு. அந்தப் பெட்டியின் பெயரை ஒருமுறைக்குப் பதில் பலமுறை திணித்து ஒருவர் அனுப்பினால்? நிரல் ஒரு பதிலை எதிர்பார்த்த இடத்தில் ஒரு வரிசை வந்து விழும். கூடுதலாக வந்தவை பக்கத்தில் இருக்கும் தகவலின் மேல் ஏறி உட்கார்ந்து, 'இவருடைய மின்னஞ்சல் முகவரி இது' என்று சரிபார்த்து வைத்திருந்ததையே மாற்றிவிடும். தனக்குச் சொந்தமில்லாத முகவரியில் ஒருவர் கணக்குத் தொடங்கிவிட முடியும். 2014 இல் இந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டது.

வாக்குறுதி ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான். ஒரு கேள்விக்கு ஒரு வகைப் பதில். பல பதில்கள் வேண்டுமானால் அதற்கு வேறு பெயரில் வேறு கேள்வி இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் எதையும், 'ஒன்றுதான் வரும், ஒழுங்காகத்தான் வரும்' என்று நம்பிவிடக் கூடாது. 2015 இல் வந்த பெர்ல் 5.22 பதிப்பிலிருந்து சி.ஜி.ஐ. மாட்யூல் மொழியோடு சேர்த்து வழங்கப்படுவதில்லை. தனியாக இன்றும் கிடைக்கிறது. ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் வேறு வழிகளைப் பார்க்க வேண்டும் என்று அதைப் பராமரிப்பவர்களே சொல்கிறார்கள். அதனால் ஸ்டைனின் உழைப்பு வீண் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயிரக்கணக்கானவர்கள் முதல் வலை நிரலை எழுத அது கைகொடுத்தது. அதன் குறைகளைப் பார்த்துத்தான் அடுத்த தலைமுறை நன்றாகச் செய்தது.

இப்படி எழுதிய மாட்யூல்களைப் பகிர்ந்துகொள்ள பெர்ல்காரர்கள் 1995 இல் சீபேன் என்ற பொதுக் கிடங்கைத் திறந்தார்கள். இன்று அதில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மாட்யூல்கள் இருக்கின்றன. ஒரு நல்ல வழக்கம் அங்கே வேரூன்றியது. மாட்யூலோடு அதைச் சோதிக்கும் சிறு நிரல்களையும் சேர்த்தே அனுப்புவார்கள். நீங்கள் அதை நிறுவும்போது உங்கள் கணினியில் அந்தச் சோதனைகள் முதலில் ஓடும். தேறினால்தான் நிறுவும். அதோடு, தன்னார்வலர்கள் பல வகைக் கணினிகளில் அவற்றை ஓட்டிப் பார்த்து, எங்கே தேறியது, எங்கே தவறியது என்று எழுதியவருக்குத் தெரிவிக்கிறார்கள். நம் நூலகத்துக்கும் இப்படிச் சோதனை எழுதலாம். ஒரு நூலை அன்புவுக்கு இரவல் கொடு. உடனே அதே நூலை இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல். 'முடியாது' என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தவறு.

நீங்கள் தினமும் பார்க்கும் ஒரு தளத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்று தொடங்கியபோது, அதை இயக்கியது யூஸ்மாட்விக்கி என்ற பெர்ல் நிரல். கட்டுரைகளைத் தரவுத்தளத்தில் வைக்காமல் சாதாரணக் கோப்புகளில் வைத்தது. ஓராண்டுக்குள் கட்டுரைகளும் வாசகர்களும் பெருகிவிடவே, 2002 ஜனவரியில் பி.எச்.பி.யில் எழுதிய, தரவுத்தளத்தோடு பேசும் வேறொரு நிரலுக்கு மாற வேண்டியதாயிற்று. தகவலை எங்கே வைப்பது என்ற முடிவு எவ்வளவு சீக்கிரம் மாறக்கூடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் பிறந்தபோது அந்த மாற்றம் முடிந்திருந்தது.

சரி, நீங்கள் எந்த மொழியில் தொடங்கலாம்? பைத்தானில் தொடங்குங்கள் என்பேன். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் அதைத்தான் படிக்கப் போகிறீர்கள். 2008 இல் வந்த பைத்தான் 3 முதல், பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். கட்டளைச் சொற்களும் தமிழில் வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியைத் தேடிப் பாருங்கள். சர்வருக்காகத் தனிக் கணினி எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் கணினியே சர்வராகவும் உலாவியாகவும் ஒரே நேரத்தில் இருக்கும். பைத்தானோடு ஒரு சிறிய சர்வரும் சேர்ந்தே வருகிறது. முதலில் 'வணக்கம்' என்று ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். பிறகு ஒரு பெட்டியில் எழுதியதை வாங்கித் திருப்பிக் காட்டுங்கள். அதற்கப்புறம் நூல் என்ற ஒரே ஓர் இனக்குழு. அவசரம் வேண்டாம்.

ஆனால் கணினியைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் அட்டைகள் போதும். 1989 இல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற இருவர் பொருள்களைக் கொண்டு நிரல் எழுதுவதை, அதாவது பொருள் நோக்கு நிரலாக்கத்தை, கற்றுக்கொடுக்க இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். உலகின் முதல் விக்கியை 1995 இல் பெர்லில் எழுதியவர் இதே கன்னிங்ஹாம்தான். ஒரு பொருளுக்கு ஓர் அட்டை. மேலே அதன் பெயர். இடப்பக்கம் அது செய்ய வேண்டிய வேலைகள். வலப்பக்கம் அது யார் யாருடைய உதவியைக் கேட்கும் என்ற பட்டியல். அவ்வளவுதான்.

விடுமுறை நாளில் நண்பர்கள் மூன்று பேர் கூடி உட்காருங்கள். நூலகம், நூல், உறுப்பினர் என்று ஆளுக்கோர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அன்பு ஒரு நூல் கேட்டு வருகிறாள் என்று தொடங்கி, அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரோடொருவர் பேசிப் பாருங்கள். அட்டையில் இல்லாத வேலையை ஒருவர் செய்ய நேர்ந்தால் அங்கேயே நிறுத்தி, அது யாருடைய வேலை என்று முடிவு செய்து எழுதுங்கள். ஓர் அட்டையில் இடம் போதவில்லை என்றால் அதை இரண்டாகப் பிரியுங்கள். மூவரும் தடுமாறாமல் கடைசி வரை பேசி முடித்த பிறகு கணினியின் முன் உட்காருங்கள்.